மூச்சை விடுங்கள், அப்புறம் படம் எடுக்கலாம்

போன மாதம், நண்பர்களோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) செய்ததையும் கடலுக்கடியில் படம் எடுத்ததையும் இந்த இதழில் எழுதியிருந்தேன். வேலூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் கடலைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பி, "நீங்களே பதில் எழுதுங்கள்" என்றுவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு செலவாகும் என்று கேட்டவர்களுக்கு: அது சீசனுக்கு சீசன் மாறும். டைவ் சென்டருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: நாங்கள் ஆறு நண்பர்கள். இரண்டு பேருக்கு நீச்சலே தெரியாது. மற்ற நான்கு பேரும் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள். ஆறு பேரும் ஸ்கூபா இறங்க முடியுமா?

முடியும். முதல்முறை வருகிறவர்களுக்கென்று அறிமுக டைவ் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சுவிடப் பழக்குவார்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லித்தருவார்கள். அதற்குப் பிறகு பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார். 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இதற்கு நீச்சல் கட்டாயமில்லை. ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலை டைவிங் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால்தான் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். அந்தப் படிப்புக்கு மூன்று நான்கு நாள் ஆகும். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம்.

எனக்குக் கவலை அந்த இரண்டு பேரைப் பற்றி இல்லை, கிணற்று நீச்சல்காரர்கள் நான்கு பேரைப் பற்றித்தான். நம் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் கிணற்றின் அடிமண்ணை அள்ளி வந்து காட்டுகிறவன்தான் நீச்சல்காரன். ஸ்கூபாவில் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, வாயை மூடியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். கிணற்றில் இந்த ஆபத்து கிடையாது, ஏனென்றால் அங்கே மேலே இழுத்த மூச்சோடுதான் கீழே போகிறோம். ஆகவே அந்த வீரத்தைக் கரையில் வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறங்க ஆரம்பித்ததுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதைச் சமப்படுத்திக்கொண்டே போக வேண்டும். வலித்த பிறகு ஊதுவது தாமதம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். வேலூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு டாக்டர் பஞ்சமா என்ன? ஆறு பேரில் ஒருவருக்குப் பயமாக இருந்தால் கேலி பேசி இறக்கிவிடாதீர்கள். படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் விடுமுறைதான்.

வேலூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: ஆழத்தில் இருக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

ஐயா, அந்தச் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கிற சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். ஆழம் கூடக்கூட அது வேகமாகச் செலவாகும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதனால் எல்லாரும் மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். அதையும் மீறித் தீர்ந்துபோனால், கூட வருகிறவரிடம் மஞ்சள் நிறத்தில் உபரியாக ஒரு மவுத்பீஸ் தொங்கும். அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து மேலே வருவார்கள். கூட வருகிறவர் பக்கத்தில் இருந்தால்தான் அதுவும் நடக்கும். இதைப் பற்றிக் கீழே ராணிப்பேட்டை வாசகருக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறேன்.

குடியாத்தம், கல்லூரி மாணவர்: என்னிடம் கோப்ரோ கேமரா இருக்கிறது. 10 மீட்டர் வரை தண்ணீர் புகாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறான். பிறகு எதற்குத் தனியாக ஹவுசிங் (தண்ணீர் புகாத கேமரா உறை) வாங்க வேண்டும்?

தம்பி, 10 மீட்டர் என்று போட்டிருந்தால் அது 10 மீட்டர்தான். கடலில் 9 மீட்டரில் நின்றுகொண்டிருப்பாய். கீழே பாறை இடுக்கில் ஒரு மீன் தெரியும். அடுத்த நொடி 11 மீட்டரில் இருப்பாய். அதற்கென்றே விற்கும் ஹவுசிங் 60 மீட்டர் வரை தாங்கும். வாங்கிவிடு.

ஹவுசிங் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரே ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மூடும் முன் வெளிச்சத்தில் பிடித்து விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சின்ன சிலிக்கா ஜெல் பாக்கெட்டைப் போட்டு வை. இல்லையென்றால் தீவின் புழுக்கக் காற்று உள்ளே அடைபட்டு, கீழே தண்ணீர் குளிர்ந்ததும் கண்ணாடியில் ஆவி படியும். டச் ஸ்கிரீன் தண்ணீருக்குள் வேலை செய்யாது. என்ன மோடில் எடுக்கப் போகிறாய் என்பதைப் படகிலேயே முடிவு செய்துகொள். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வை. உப்பு காய்ந்துவிட்டால் பட்டன் இறுகிப்போகும்.

அறிமுக டைவ்தான் என்றால் கேமராவை அறையிலேயே விட்டுவிட்டுப் போ. உன்னைப் பயிற்சியாளர் எடுத்துத் தருவார்.

ஆரணி, பட்டு வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகி: என் தம்பி கடலுக்கடியில் எடுத்த படங்களைக் காட்டினான். எல்லாம் ஒரே நீலம். அவன் போட்டிருந்த நல்ல சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரிகிறது. கேமரா மட்டமா, எடுத்தவர் மட்டமா?

இரண்டும் இல்லை அம்மா. தண்ணீர் சிவப்பைத் தின்றுவிடுகிறது.

நிறத்தைப் பற்றி ஆரணிக்காரருக்கு நான் சொல்லித்தருவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் அரக்குப் புடவை அரக்காகத் தெரிய, அதன் மேல் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு இருக்க வேண்டும். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்துவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பார்க்கிறார்களே, அது எதற்கு? சூரிய வெளிச்சம் கடலுக்குள் இறங்கும்போது முதலில் உறிஞ்சப்படுவது சிவப்பு. 5 மீட்டரிலேயே மங்கிவிடும். 10 மீட்டரில் பெரும்பாலும் இருக்காது. அடுத்து ஆரஞ்சு, அதற்குப் பிறகு மஞ்சள் போகும். மிஞ்சுவது பச்சையும் நீலமும். சிவப்பு வெளிச்சமே இல்லாத இடத்தில் சிவப்புச் சட்டை திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. அதனால்தான் கறுப்பு. உங்கள் தம்பி நேரில் பார்த்தபோது இவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது. நம் மூளை ஓரளவு சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்த இரக்கம் கிடையாது.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நிறம் ஆழத்தில் மட்டும் போவதில்லை, பக்கவாட்டுத் தூரத்திலும் போகிறது. சூரிய வெளிச்சம் 8 மீட்டர் இறங்கி உங்கள் தம்பி மேல் பட்டு, அங்கிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்குப் போனால், மொத்தம் 12 மீட்டர் தண்ணீரைக் கடந்திருக்கிறது. அதனால் கிட்டே போக வேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரம் நல்லது. அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டேயும் தெரியும். போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றினால் இன்னும் கொஞ்சம் நெருங்குங்கள்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறவர்கள் அந்த ஆழத்திலேயே ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸ் வைத்துக்கொள்ளலாம். ஆழம் மாறினால் மறுபடி வைக்க வேண்டும். லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் போடுகிறவர்களும் உண்டு. நல்ல வெயிலில், அதிக ஆழம் போகாதவரை அது உதவும். கம்ப்யூட்டரில் சரிசெய்வதற்கும் எல்லை உண்டு. படத்தில் துளியாவது சிவப்பு பதிவாகியிருந்தால் இழுத்துக் கொண்டுவரலாம். ஒன்றுமே பதிவாகாத இடத்தில் இழுத்தால் மாஸ்க் போட்ட முகம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும்.

முழுத் தீர்வு, வெளிச்சத்தை நாமே கூடக் கொண்டுபோவதுதான். 1926இல் அமெரிக்காவில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் ஃப்ளோரிடா பக்கத்துக் கடலில் முதன்முதலாகக் கலரில் ஒரு மீனைப் படம் எடுத்தார்கள். மேலே தெப்பத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் எடுத்தார்கள். இன்றைக்கு நமக்கு ஸ்ட்ரோப் என்ற நீர்புகாத ஃபிளாஷ் விளக்கு இருக்கிறது. ஆனால் அதை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். பனி இறங்கிய ராத்திரியில் ஏலகிரி மலைப்பாதையில் ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? ரோடு மறைந்து பனிதான் பளீரென்று தெரியும். கடலில் மிதக்கும் தூசியும் அதையேதான் செய்கிறது. அதனால் விளக்கை ஒரு நீண்ட கையில் மாட்டி, இரண்டு பக்கமும் நன்றாகத் தள்ளி வைத்து, ஓரத்து வெளிச்சம் மட்டும் மீன் மேல் விழும்படி திருப்புவோம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு சுலப வழி இருக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில், 5 மீட்டருக்கு மேலேயே, கொஞ்சம் கீழிருந்து மேல்நோக்கி எடுக்கச் சொல்லுங்கள். தம்பியின் சட்டை ஓரளவு தப்பிக்கும். அடுத்த முறை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

ராணிப்பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் கர்நாடகத்தின் நேத்ராணி தீவுக்கு டைவிங் போனோம். எல்லாருமே சான்றிதழ் வாங்கியவர்கள். எனக்கு ஜோடியாக வந்தவன் கேமராவைப் பிடித்ததும் என்னை மறந்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. மேலே வந்து பெரிய சண்டை. "நீதான் என் பின்னால் வந்திருக்க வேண்டும்" என்கிறான். யார் மேல் தப்பு?

அவர் மேல்தான்.

தண்ணீருக்குள் ஜோடி என்பது படகில் பக்கத்து இடத்தில் உட்காருவதற்காக இல்லை. மேலே ஆசிரியருக்குச் சொன்ன அந்த உபரி மவுத்பீஸ் யாரிடம் இருக்கிறது? அவரிடம். உங்களுடையது அவருக்காக. இரண்டு மூச்சு இழுப்பதற்குள் போய்த் தொடமுடியாத தூரத்தில் இருந்தால் அது யாருக்கும் பயன்படாது. கூப்பிடவும் முடியாது; அங்கே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே காதுக்குத் தெரியாது.

என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன்: கேமரா வைத்திருக்கிறவன்தான் தண்ணீருக்குள் மிக மோசமான ஜோடி. மீட்டரைப் பார்க்க மாட்டான். பாறை ஓரத்தில் முழங்காலை ஊன்றுவான். காலில் மாட்டிய துடுப்பால் பின்னால் இருக்கும் பவளத்தை இடிப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டூடியோக்காரனாக இருந்தால் இன்னும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கை ஆடாமல் இருக்க மூச்சை அடக்கிக் கிளிக் செய்வது. கல்யாண மண்டபத்தில் அது சரி. தண்ணீருக்குள் கூடாது.

கேமரா எடுக்கத் தகுதி வந்துவிட்டதா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது. கையை மார்பில் கட்டிக்கொண்டு, காலையும் ஆட்டாமல், தரைக்கு ஒரு முழம் மேலே ஒரே மட்டத்தில் ஒரு நிமிடம் மிதக்க வேண்டும். மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மூச்சாலேயே சரிசெய்யத் தெரிய வேண்டும். தெரிந்தவர் மீனுக்கு நேர் மட்டத்தில் போய் நின்று, மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே படம் எடுப்பார். தெரியாதவர் மீனைத் துரத்துவார். அவர் எடுத்த படத்தில் எல்லாம் மீன் வால்தான் இருக்கும். உங்கள் நண்பரின் படங்களை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் கூட்டத்தில் காட்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆரம்பத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "கீழே போனால் நான் ஒன்று உன் படத்தில் இருக்கணும், இல்லை உன் கண்ணில் இருக்கணும்." அன்றிலிருந்து ஒரு ஜோடிக்கு ஒரு கேமராதான். கேமரா இல்லாதவர் கண் வேலை செய்வார். எனக்கு நல்ல படம் கிடைத்ததெல்லாம் அவர் கண்ணால்தான். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும் நூடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தையை அவர் பாறைச் சந்தில் கண்டுபிடித்து, டார்ச்சை ஆட்டிக் கூப்பிடுவார். நான் அரை மணி நேரம் தேடினாலும் எனக்கு அது கண்ணில் படாது. ஒரு பொருளுக்குப் பத்துப் படம், அதற்கு மேல் இல்லை. அதற்குப் பிறகு இருவரும் மீட்டரை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். 100 பார் வந்தால் திரும்ப வேண்டியதுதான், எதிரே என்ன வந்தாலும் சரி. ராத்திரி அறையில் படங்களைப் போட்டுப் பார்க்கும்போது, காட்டிக்கொடுத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் பாராட்ட வேண்டும். இதில் அவர் ரொம்பக் கறார்.

அடுத்த தடவை போகும்போது கேமராவை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சம்மதிக்கவில்லையென்றால், படகில் வேறு ஜோடி கேளுங்கள். நட்பு கரையில் தொடரட்டும்.

வேலூர், எட்டாம் வகுப்பு மாணவி: கோட்டை அகழியில் ஸ்கூபா செய்யலாமா அங்கிள்?

பச்சைத் தண்ணீரில் நீட்டிய கையே தெரியாதம்மா, எதைப் படம் எடுப்பது? ஒரு காலத்தில் அதில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று கதை வேறு சொல்வார்கள். இன்றைக்கு முதலை இல்லை, தொல்லியல் துறை இருக்கிறது.

திருப்பத்தூர், இல்லத்தரசி: கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது. பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. விமான நிலையத்தில் பையில் கண்டுபிடித்தால், செத்துக் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. படம் எடுத்து வாருங்கள்.

காட்பாடி, பொறியாளர்: சனி, ஞாயிறு புதுச்சேரியில் டைவிங், ஞாயிறு மாலையே கிளம்பி ஏலகிரியில் ராத்திரி தங்கல், திங்கள் காலை ஊர். நண்பர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். திட்டம் எப்படி?

வந்த கடிதங்களிலேயே என்னைப் பயமுறுத்திய கடிதம் உங்களுடையது. ஏலகிரியை வெட்டுங்கள்.

டைவிங் முடித்ததும் விமானம் ஏறக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்திருக்கும். மேலே வந்த பிறகும் அது வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைவான இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த கதையாக அது உடம்புக்குள் குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி, பக்கவாதம் வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். விமானத்துக்கு மட்டும்தான் இது என்று நினைப்பதுதான் சிக்கல். 300 மீட்டருக்கு மேல் எந்த மலைக்கும் இது பொருந்தும். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கார் அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாக நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேலூர் 216 மீட்டர்தான், பிரச்சினை இல்லை. மலை வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஏலகிரி, அதற்குப் பிறகு கடல். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது கூட வந்தால் அவரையும் அன்றிரவு உங்கள் வீட்டில் தங்க வையுங்கள். அந்த ஊர் 900 மீட்டரில் இருக்கிறது.

வாணியம்பாடி, சக புகைப்படக்காரர்: என் பெரிய கேமராவுக்கு ஹவுசிங் வாங்கலாமா?

விலையைப் பார்த்தீர்களா? பல மாடல்களுக்குக் கேமராவைவிட ஹவுசிங் அதிகம். கேமரா மாறினால் அதுவும் வீண். ஒலிம்பஸ் டிஜி-6 வகைச் சின்னக் கேமரா தானாகவே 15 மீட்டர் வரை தாங்கும், சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கவும் அருமையானது. முதலில் டைவ் சென்டரில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஒரு முகூர்த்த சீசன் பணத்தை மொத்தமாகக் கடலில் போட வேண்டாம்.

வாலாஜாபேட்டை, வங்கி ஊழியர்: நம் பக்கத்திலிருந்து போக எந்த இடம், எந்த மாதம் நல்லது?

கிட்டே என்றால் புதுச்சேரி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கலங்கிக் கிடக்கும். அப்போது போய்ப் படம் எடுத்தால் சேறுதான் வரும். நேத்ராணிக்கு அக்டோபரிலிருந்து மே வரை. காட்பாடியில் மங்களூர் மெயில் நிற்கும். மங்களூரிலிருந்து கொங்கண் ரயிலிலோ பஸ்ஸிலோ முருடேஸ்வரம் போய், அங்கிருந்து படகு. அந்தமானுக்குச் சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். ஹேவ்லாக்கை டிக்கெட்டிலும் போர்டிலும் சுவராஜ் த்வீப் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். கடைசி நாளில் டைவ் எதுவும் போடாமல், கடற்கரைக்கும் கடைவீதிக்கும் விட்டுவிடுங்கள். மறுநாள் விமானம் இருக்கிறதல்லவா, காட்பாடிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.